இருந்தால், இருந்திருந்தால்: ஓர் ஆங்கிலத் தொடரும் சப்பிரகமுவத் தோட்ட மக்களும்

மனிதர் தம் வாழ்வைப் பிறர் வாழ்வோடு ஒப்பிட்டு நோக்குவது எல்லாச் சமுதாயங்களிலும் காணப்படும் இயல்பே. ஆயின், அவ்வொப்பீட்டைச் சொல்லும் முறை மொழிக்கு மொழி வேறுபடுகின்றது. ஆங்கிலத்தில் இதற்கெனவே வழங்கும் தொடர்களுள் ஒன்று 'பெற்றர் ஓஃப்' என்பது. ஒருவனது கைப்பொருள், உடல்நலம், பாதுகாப்பு, மனநிறைவு ஆகிய யாவற்றையும் ஒருங்கே எடைபோட்டு, அவன் இன்னொருவனைக் காட்டிலும், அல்லது தான் முன்பிருந்த நிலையைக் காட்டிலும், மேலாக உள்ளான் என்பதை இவ்விரு சிறு சொற்களும் உணர்த்திவிடுகின்றன. அகராதியின் துணைகொண்டு இதனைத் தமிழாக்குதல் அரிதன்று. 'மேலான நிலையில் இருத்தல்', 'நல்லபடியாக இருத்தல்' என்றவாறு பெயர்த்துவிடலாம். இடர்ப்பாடு தோன்றுவது அத்தொடர் நிபந்தனை வாக்கியமொன்றினுள் வந்து அமரும்போதுதான். 'இன்னது செய்தால் இவர்கள் இன்னும் நன்றாக இருப்பார்கள்' என்றோ, 'இன்னது செய்திருந்தால் இவர்கள் இன்னும் நன்றாக இருந்திருப்பார்கள்' என்றோ ஒருவர் கூறும்போது, இலக்கணத்தோடு வேறு சில வினாக்களும் எழுகின்றன. யாரைக் காட்டிலும் நன்றாக? அந்த 'இன்னது' எதுவென்று முடிவு செய்தவர் யார்? அதனைச் சொல்பவருக்கும் சொல்லப்படுபவருக்கும் இடையேயுள்ள உறவு யாது?

இவை வெறும் மொழியியல் வினாக்கள் அல்ல என்பதற்குச் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டத் தமிழரின் வரலாறு தக்க சான்றாகும். இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் இறப்பரையும் தேயிலையையும் நம்பி வாழ்ந்துவந்துள்ள இம்மக்களைப் பற்றி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக யாரேனும் ஒருவர் இவ்வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கின்றார். துரைமார் சொன்னார்கள், அரசியல்வாதிகள் சொன்னார்கள், நீதிபதிகளும் இரு நாட்டுப் பிரதமர்களும் சொன்னார்கள். சொல்லப்பட்டவர்களிடம் கேட்கப்பட்டதோ மிகக் குறைவு.

முதற்கண் இலக்கணத்தைச் சிறிது நோக்குவோம். ஆங்கில வகுப்புகளில் நிபந்தனை வாக்கியங்களை மூன்றாகப் பகுத்துக் கற்பிப்பது வழக்கம். நிகழக்கூடிய நிபந்தனை ஒன்று. இப்போது உண்மையல்லாத, கற்பனையாகக் கொள்ளப்படும் நிபந்தனை மற்றொன்று. கடந்த காலத்தில் நிகழாது போய்விட்ட, இனித் திருத்தவியலாத நிபந்தனை மூன்றாவது. இம்மூன்றையும் ஆங்கிலம் வினைச்சொல்லின் வடிவத்தாலேயே வேறுபடுத்திவிடுகின்றது. தமிழில் 'மழை பெய்தால் குளம் நிரம்பும்' என்பது முதலாம் வகை. 'நான் பறவையாக இருந்தால் பறப்பேன்' என்பது இரண்டாம் வகை. இவ்விரண்டிலும் வரும் 'ஆல்' ஒன்றே. முடிக்கும் வினையின் காலமும் ஒன்றே. மனிதன் பறவையாதல் இயலாது என்பதைக் கேட்பவர் தம் உலகியல் அறிவினால் உணரவேண்டுமேயன்றி, வினைவடிவம் அதனை உணர்த்துவதில்லை. மூன்றாம் வகை மட்டும் 'பெய்திருந்தால் நிரம்பியிருக்கும்' எனத் தனித்து நிற்கின்றது.

இதனைத் தமிழின் குறைபாடு எனக் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் அதன் விளைவு கருதத்தக்கது. லயத்துக் காம்பரா ஒன்றின் வாயிலில் அமர்ந்து, 'சொந்தமா ஒரு துண்டு நிலம் கெடச்சா நல்லாயிருப்போம்' என்று ஒருவர் சொல்வாராயின், அது நம்பிக்கையா கனவா என்பதை அவரது வினைச்சொல் காட்டிக்கொடுக்காது. ஆங்கிலத்தில் அதனைப் பெயர்ப்பவர் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தேயாக வேண்டும். கிடைக்கக்கூடியது என்ற வடிவத்தில் எழுதுவதா, கிடைக்காத ஒன்று என்ற வடிவத்தில் எழுதுவதா? பேசியவர் திறந்து வைத்ததைப் பெயர்ப்பவர் மூடவேண்டியதாகின்றது. இம்மக்களின் கோரிக்கைகள் பலவும் ஆங்கில அறிக்கைகளின் வழியாகவே அதிகாரத்தின் செவியை எட்டின என்பதை நினைவுகூரின், இத்தெரிவு எத்துணை முக்கியமானது என்பது புலப்படும்.

ஒப்பீட்டைப் பொறுத்தவரை தமிழின் இயல்பு மேலும் சுவையானது. ஆங்கிலத்தைப் போலப் பெயரடையை மாற்றி ஒப்புமை காட்டும் வழக்கம் தமிழில் இல்லை. பழைய தமிழில் ஐந்தாம் வேற்றுமை உருபு ஒப்புப் பொருளை உணர்த்திற்று. பிற்காலத்தில் 'விட', 'காட்டிலும்', 'பார்க்கிலும்' ஆகிய சொற்கள் அவ்விடத்தைப் பிடித்தன. இவற்றுள் 'விட' என்பது 'விடு' என்னும் வினையினின்று பிறந்தது. 'காட்டிலும்', 'பார்க்கிலும்' என்பன 'காட்டில்', 'பார்க்கில்' என்னும் பழைய நிபந்தனை எச்சங்களோடு உம்மை சேர்ந்து அமைந்தவை. அதாவது, 'அதைக் காட்டிலும் இது நன்று' என்பதன் அடியில், 'அதைக் கொண்டுவந்து காட்டினாலும் இதுவே நன்று' என்னும் கருத்து மறைந்துள்ளது. ஆங்கிலத்தில் ஒப்பீடும் நிபந்தனையும் இருவேறு உறுப்புகள். தமிழிலோ ஒப்பீட்டினுள்ளேயே ஒரு நிபந்தனை உறைந்து கிடக்கின்றது. ஒப்பிடுவதற்கு ஒருவர் காட்டவேண்டும், ஒருவர் பார்க்கவேண்டும் என்பதை இச்சொற்கள் மறக்கவில்லை. தோட்ட மக்களின் வரலாற்றை இனி இவ்வழியில் நின்று நோக்கலாம். அவர்களுக்கு எது காட்டப்பட்டது? காட்டியவர் யார்?

முதன்முதலாகக் காட்டப்பட்டது, அவர்கள் விட்டுவந்த ஊர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தொழிலாளர், தம் கிராமங்களில் இருப்பதைக் காட்டிலும் இலங்கைத் தோட்டங்களில் நல்ல நிலையில் உள்ளனர் என்பது துரைமாரும் குடியேற்ற அதிகாரிகளும் மீண்டும் மீண்டும் கூறிய வாதமாகும். இவ்வாதம் முழுவதும் பொய்யென்று தள்ளிவிட இயலாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் மடிந்தோர் இலட்சக்கணக்கானோர். அப்பஞ்சத்தோடு ஒப்பிடின் ஒரு பிடி அரிசியும் செல்வமே. ஆனால், ஒப்பிடுவதற்குப் பஞ்சத்தைத் தெரிந்தெடுத்தது யார் என்பதே கேள்வி. இலண்டனில் பங்கிலாபம் பெற்றவரோடு ஒப்பிட்டோ, அத்தொழிலாளரின் உழைப்பு ஈட்டிய வருவாயோடு ஒப்பிட்டோ அவர் நிலை அளக்கப்படவில்லை. மிகத் தாழ்ந்த ஒன்றைக் காட்டி, அதனிலும் ஒரு படி மேலே நிற்பவனை 'நல்ல நிலையில் உள்ளான்' எனல் எளிது.

ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்றால் நன்றாக இருக்கலாம் என்று தொழிலாளி தானே ஒப்பிட்டு முடிவு செய்வதற்கும் வழியிருக்கவில்லை. அவனது கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு அவனைக் கட்டிப்போட்டிருந்தது; புதிய தோட்டம் பழைய கடனைத் தீர்த்தாலன்றி அவன் நகரவியலாது. துண்டு முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலியும் ஓர் ஒப்பீட்டு அட்டவணையாகவே அமைந்தது. மலைநாடு, இடைநாடு, தாழ்நாடு எனத் தோட்டங்கள் மூன்றாக வகுக்கப்பட்டன. தாழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதம் எனக் கூலி வரையறுக்கப்பட்டது. மலைநாட்டு ஆண் தாழ்நாட்டு ஆணைவிடச் சற்று மேல். ஆண் பெண்ணைவிட மேல். பெண் பிள்ளையைவிட மேல். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவதாகக் காட்டப்பட்டது, அயலிலிருந்த சிங்களக் கிராமம். சப்பிரகமுவத் தோட்டங்களுக்கும் நுவரெலியாப் பகுதித் தோட்டங்களுக்கும் இடையேயுள்ள முக்கிய வேறுபாடு ஈண்டு குறிப்பிடத்தக்கது. நுவரெலியாவில் மலைக்குப் பின் மலையாகத் தோட்டங்களே தொடர்ந்து செல்லும். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவான்வெல்லை, இறக்குவானை, காவத்தை முதலிய பகுதிகளிலோ தோட்டமும் கிராமமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. இறப்பர் மரங்களின் கடைசி வரிசைக்கு அப்பால் வயல். வயலுக்கு அப்பால் மீண்டும் இறப்பர். எனவே இங்கு ஒப்பீடு நாள்தோறும் கண்ணெதிரே நிகழ்வது. மாதாமாதம் சம்பளம் பெறும் லயத்துக்காரன் தன்னைவிட நல்ல நிலையில் இருப்பதாகக் கிராமத்தவனுக்குத் தோன்றியது. பலா மரமும், கிணறும், தனக்கென ஓர் உறுதிப்பத்திரமும் உடைய கிராமத்தவன் தன்னைவிட நல்ல நிலையில் இருப்பதாக லயத்துக்காரனுக்குத் தோன்றியது. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. கிராமத்தவன் இழந்ததும் மெய்யே. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உறுதி காட்டவியலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாகக் கொள்வதற்கு வழிவகுத்தது. தோட்டங்கள் பல அந்நிலங்களிலேயே எழுந்தன. ஆனால் அந்நிலத்தைக் கொண்டவரும் விற்றவரும் வாங்கியவரும் லயத்துக்காரன் அல்லன்.

1930களின் பொருளாதார மந்தத்தின்போது, 'இந்தியத் தொழிலாளர் இல்லாதிருந்தால் இந்நாட்டவர் நன்றாக இருப்பர்' என்னும் நிபந்தனை வாக்கியம் அரசியல் மேடைகளில் உரத்து ஒலித்தது. இதனை ஆராய்ந்த எட்வேட் ஜக்சன் தமது 1938ஆம் ஆண்டு அறிக்கையில், குடிவந்த தொழிலாளர் உள்நாட்டவரின் பிழைப்பைப் பெருமளவிற் பறித்துவிட்டனர் என்ற கருத்தை ஏற்கவில்லை. நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு அவர்கள் உதவியதாகவே அவர் கண்டார். ஆயினும் அறிக்கையைக் காட்டிலும் மேடைக்கே செல்வாக்கு மிகுதியாயிற்று. 1939இல் இலங்கை அரசு இந்தியரான நாட்கூலி ஊழியர்களை அரச சேவையிலிருந்து நீக்க முற்பட்டது. அவ்வாண்டிலேயே இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடை செய்தது. 1946இல் கேகாலை மாவட்டத்தில், கிராம விஸ்தரிப்புக்கென அரசு பெற்றுக்கொண்ட நேவ்ஸ்மயர் தோட்டத்திலிருந்து இந்தியத் தொழிலாளர் குடும்பங்களை வெளியேற்ற முயன்றபோது அவர்கள் மறுத்தனர்; அதனையொட்டித் தோட்டங்களில் வேலைநிறுத்தமும் மூண்டது. நிலமற்ற கிராமத்தவனும் வீடற்றுப்போகவிருந்த தொழிலாளியும் ஒருவர்க்கொருவர் எதிராக நிறுத்தப்பட்ட காட்சி அது. ஒருவர் நன்றாக இருப்பதற்கு மற்றவர் இல்லாதிருத்தலே நிபந்தனை என்றாக்கப்பட்டது.

மூன்றாவது நிபந்தனை சட்டத்தின் வாயிலாக வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரைப் பிரசைகளல்லாதோராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 'விண்ணப்பித்தால் பெறலாம்' என்றது. விவாகமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்திருப்பின், அதற்கான ஆதாரம் காட்டின், போதிய வருமானம் இருப்பின் என்று அந்த 'ஆல்' பலவாகக் கிளைத்தது. பிறப்புச் சான்றிதழுக்கும் வழியற்றிருந்த லயத்து மனிதர் இடையறாத வதிவுக்கு எழுத்திலான ஆதாரம் காட்டவேண்டியிருந்தது. விண்ணப்பங்களில் அடங்கியோர் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இறுதியிற் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே. ஆங்கிலத்தில் 'கண்டிஷன்' என்னும் ஒரே சொல் வாழ்நிலையையும் குறிக்கும், நிபந்தனையையும் குறிக்கும். இம்மக்களின் வாழ்நிலை அக்காலத்தில் உண்மையிலேயே நிபந்தனைகளாலானதாக இருந்தது.

இச்சட்டங்களை எதிர்த்த புகழ்பெற்ற வழக்கும் சப்பிரகமுவவிலேயே தோன்றியது என்பது பலர் அறியாத செய்தி. கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தேர்தற் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் கோடாக்கன் பிள்ளை என்பாரின் பெயர் சேர்க்கப்படாமையே அதன் பொருள். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவர்க்கு விதிக்கப்படாத தகுதிக்குறைவை இன்னொரு சமூகத்தவர்க்கு மட்டும் விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றவியலாது என்றது. சமூகங்களின் நிலையை ஒன்றோடொன்று ஒப்பிடுமாறு அரசியலமைப்பே நீதிமன்றத்தைப் பணித்த அரிய இடம் இது. பெயரைச் சேர்க்குமாறு விசாரணை அலுவலர் முதலில் தீர்ப்பளித்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகம் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தன் பிரசைகள் யாவர் என வரையறுத்தல் ஒரு நாட்டின் இயல்பான உரிமை என்றும், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இம்மக்கள் பிரசாவுரிமை பெற வாய்ப்புண்டு என்றும் அக்கழகம் கருதியது. 'விண்ணப்பித்தால் பெறலாம்' என்ற வாக்கியத்தை நீதிபதிகள் முதலாம் வகை நிபந்தனையாக, அஃதாவது நிகழக்கூடியதாக, வாசித்தனர். லயங்களில் இருந்த பெரும்பாலோர்க்கோ அது இரண்டாம் வகையாகவே இருந்தது.

நான்காவதாகக் காட்டப்பட்டது, மீண்டும் இந்தியா. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 975,000 மக்களைக் கணக்கிற்கொண்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் செய்யப்பட்ட உடன்படிக்கை இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிர்ந்தது. எவ்வெண்ணும் அம்மக்களைக் கேட்டு வகுக்கப்பட்டதன்று. விண்ணப்பம் கோரப்பட்டபோது இந்தியாவைக் கேட்டோர் எதிர்பார்த்ததிலும் குறைவே. எனினும் 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாட்டினால் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியபோது, போனால் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் பலரிடம் வலுப்பெற்றது. ஹற்றனிலும் பிற நிலையங்களிலும் உறவினர் கட்டிப்பிடித்து அழுது வழியனுப்பிய புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமை அடைந்தோர், ஒரு காலத்தில் தம் முன்னோர் இலங்கைக்குப் புறப்படுமுன் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்ட அதே இடத்திற்குத் திரும்பி வந்திருந்தனர்.

இத்தகைய ஒப்பீடுகளைத் தோட்ட மக்கள் தாமே செய்தபோது எவ்வாறு செய்தனர் என்பதை அறிய, எட்டியாந்தோட்டைக்கு அணித்தான இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து கலைப்பீடத்துக்கு வந்து பயிலும் மாணவி ஒருத்தியின் குடும்பத்தை நோக்கலாம். அவளுடைய அம்மாயியும் அம்மாயியின் தங்கையும் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒரே பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, அடுத்தடுத்த நிரைகளில் பால் வெட்டியவர்கள். 1970களின் பிற்பகுதியில் தங்கையின் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. அக்காவின் குடும்பத்துக்கு இலங்கைப் பிரசாவுரிமை கிடைத்தது. தங்கை நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரிக்குச் சென்றாள். தாயகம் திரும்பியோர்க்கென 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் அங்கு இயங்கிக்கொண்டிருந்தது. வியாபாரக் கடன் பெற்றுச் சமவெளிகளில் இறங்கியோர் பலர் கைப்பொருளையும் இழந்து நின்றதை நோக்க, வேலை கிடைத்த தங்கை நல்ல நிலையினள் எனலாம். எனினும் அங்கு அவளுக்கு வாய்த்த பெயர் 'சிலோன்காரி'. இங்கு இருந்தவரை அவளுக்கு 'இந்தியாக்காரி' என்றும், சில வேளைகளில் 'கள்ளத்தோணி' என்றும் பெயர்.

இருவருக்குமிடையே கடிதப் போக்குவரத்து நெடுங்காலம் நிகழ்ந்தது. அக்காவுக்கு எழுதத் தெரியாது. தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரைக் கொண்டு எழுதுவிப்பார். தங்கையின் கடிதங்கள் தகரப் பெட்டியொன்றில் இன்றும் உள்ளன. 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டபோது, குறிப்பாகப் பின்னைய ஆண்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிக்கப்பட்டபோது, எட்டியாந்தோட்டைப் பகுதியிலும் அச்சம் பரவியது. 'போயிடுறது ஒங்களுக்கு நல்லது' என்று அயலார் சிலர் சொன்னதாக அம்மாயி நினைவுகூர்வார். 'நல்லது' என்னும் சொல் அறிவுரையாகவும் இருக்கலாம், அச்சுறுத்தலாகவும் இருக்கலாம் என்பதில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளும் ஒத்தே செல்கின்றன. குடும்பங்கள் பல அக்காலத்தில் வவுனியாப் பக்கம் பெயர்ந்து சென்றன. அம்மாயியின் குடும்பம் போகவில்லை.

அவ்வேளையில் அக்கா தன் தங்கைக்கு என்ன எழுதுவித்தாள்? 'போயிருந்தா நாங்களும் நல்லாயிருந்திருப்போம்' என்றன்று. 'நீ போனதே நல்லதாப் போச்சு புள்ள. இங்க இருந்திருந்தா நீ பயந்தே செத்திருப்ப' என்பதே அவர் சொல்லியது. தங்கையின் மறுமொழி பெட்டியில் உள்ளது. கோத்தகிரியின் குளிரையும், கொழுந்து நிறுப்பதில் நேர்ந்த சண்டையையும், வீட்டுக்காரருக்கு நேர்ந்த நோயையும் எழுதிவிட்டு அவள் இவ்வாறு முடிக்கின்றாள்: 'அக்கா, நீ அங்கேயே இருந்துக்கிட்டதுதான் சரி. இங்க வந்திருந்தா ஒன் காலுக்கு இந்தக் குளிரு ஆகியிருக்காது.'

இரு வாக்கியங்களும் இலக்கணப்படி மூன்றாம் வகையைச் சார்ந்தன. ஆங்கிலப் பாடநூல்கள் இவ்வகையை இரங்கலுக்கும் பழிசொல்லுக்கும் உரியதாகவே பெரும்பாலும் எடுத்துக்காட்டும். இச்சகோதரியரோ அதனை ஆறுதலுக்குப் பயன்படுத்தினர். தன் இழப்பைச் சொல்வதற்கன்று, மற்றவள் இழக்கவில்லை என்று அவளைத் தேற்றுவதற்கே ஒவ்வொருத்தியும் 'இருந்திருந்தால்' என்றாள். மற்றவளின் நிலையைத் தன் நிலையைக் காட்டிலும் மேலானதாகக் காட்டினாள். தெரிவு இருவருடையதுமன்று, அதனைச் செய்தவை இரண்டு அரசுகள். ஆயினும் அத்தெரிவின் பாரம் மற்றவள் நெஞ்சை அழுத்தக்கூடாதென்று இருவரும் அதனைச் சரியான தெரிவாகவே பேசினர். அந்நீண்ட காலத்தில் இவ்வொப்பீட்டைச் செய்த எத்தனையோ பேருள், இரு கரைகளின் வாழ்வையும் தம் உடலால் அறிந்து பேசியவர்கள் இவர்களைப் போன்றோர் மட்டுமே.

இதனைக் கொண்டு, ஒப்பீடே கூடாதென்று முடிவு செய்தல் பொருந்தாது. ஒப்பிடாமல் உரிமை கேட்கவியலாது. சம கூலியும் பிரசாவுரிமையும் ஒப்பீட்டினின்றே பிறந்த கோரிக்கைகள். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோரின் பிரச்சினையைத் தீர்த்தபோது, அயலவர்க்கு உள்ளது தமக்கும் வேண்டும் என்னும் நெடிய வாதமே வெற்றி கண்டது. வேண்டுவது யாதெனின், ஒப்பீடு எதனோடு செய்யப்படுகின்றது என்பதில் விழிப்பாயிருத்தலே. தாழ்நாட்டு ஆண் தொழிலாளியின் அன்றைய 50 சத நாட்கூலியை, 2021இல் சம்பளச் சபை நிர்ணயித்த 1,000 ரூபாவோடு ஒப்பிட்டால் அது 2,000 மடங்காகத் தோன்றும். அந்த 1,000 ரூபாவுக்காகத் தொழிலாளர் பல ஆண்டுகள் போராடினர். அடுத்த ஆண்டே நாட்டைக் கவ்விய பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மாவும் விற்ற விலையோடு ஒப்பிட்டால் அம்மடங்குகள் கரைந்துபோகும். எண் ஒன்றே, காட்டப்படும் பொருள் மாறுகின்றது.

சப்பிரகமுவத் தோட்ட மக்கள் தொகையில் சிறியவர்கள், கிராமங்களுக்கிடையே சிதறுண்டவர்கள். மலையகம் என்றவுடன் ஹற்றனையும் நுவரெலியாவையும் நினைப்போர் இவர்களை மறந்துவிடுவதுண்டு. இப்பகுதிப் பிள்ளைகள் பலர் அயலிலுள்ள சிங்களப் பாடசாலைகளிற் கற்கின்றனர். 'தமிழிற் படித்திருந்தால் நன்றாக இருந்திருப்பார்கள்' என நகரத்துத் தமிழர் இரங்குவதும், 'சிங்களத்திற் படித்தால்தான் நன்றாக இருப்பார்கள்' எனப் பெற்றோர் முடிவு செய்வதும் இன்று கேட்கும் வாக்கியங்கள். முன்னையது வெளியிலிருந்து சொல்லப்படும் மூன்றாம் வகை. பின்னையது உள்ளிருந்து சொல்லப்படும் முதலாம் வகை. தமிழ்க் கல்வி அப்பகுதியிற் குன்றுவது வருத்தத்துக்குரியதே. எனினும், அருகில் உயர்தர வகுப்புள்ள தமிழ்ப் பாடசாலை இல்லாத தாயிடம் சென்று இரங்குவதில் பயனில்லை. அப்பாடசாலையை உண்டாக்கும் முயற்சியே அவளது நிபந்தனை வாக்கியத்தை மாற்றவல்லது.

பல்கலைக்கழகத்தில் மொழியும் வரலாறும் பொருளியலும் பயில்வோர், நாளை அறிக்கை எழுதுவோராகவும் மொழிபெயர்ப்போராகவும் கற்பிப்போராகவும் இம்மக்களைப் பற்றிப் பேசப்போகின்றவர்கள். 'இவர்கள் இன்னும் நன்றாக இருப்பார்கள்' என்று எழுத நேரும்போது, யாரைக் காட்டிலும் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். நிபந்தனையை வகுத்தவர் யார் என்பதை வாசகர்க்குச் சொல்லவேண்டும். 'நிலம் கெடச்சா நல்லாயிருப்போம்' என்பதை ஆங்கிலமாக்கும்போது, அதனைக் கனவாக்கும் வினைவடிவத்தை விலக்கி, நிகழக்கூடியதைக் குறிக்கும் வினைவடிவத்திலேயே எழுதவேண்டும். சொன்னவர்கள் அதனை நிகழக்கூடாததென்று ஒருபோதும் சொல்லவில்லை.